ஆங்கிலக் கைக்கணக்கு: குசினிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் ஆள் எடுக்கத் தொடங்குவார்கள். கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள். செப்டெம்பர் வரை வெளிநாட்டுக்காரர் வந்துகொண்டே இருப்பார்கள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று சுற்றுவட்டத்திலிருந்து வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமார் பெரும்பாலும் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள். வீட்டில் அம்மாவோடு நின்று பழகிய கை. ஆனால் தங்கியிருக்கும் விருந்தினர் ஒருவர் போனை நீட்டி, "இதில் இருக்கிறபடி எனக்குச் செய்து தர முடியுமா?" என்று கேட்டவுடன் அந்தக் கை அப்படியே நின்றுவிடும். ஒரு நொப் பட்டர், ஒரு பிஞ்ச் உப்பு, ஒரு டொலொப் தயிர், ஒரு கிளக் ஒலிவ் எண்ணெய். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர்களுக்கும் இந்தச் சொற்கள் தெரியாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவை வருவதில்லை.

நானும் அப்படித்தான் வந்தேன். பதினொரு வருடம் விருந்தினரிடம் கேட்டுக் கேட்டு, அளந்து அளந்து படித்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். பயப்படத் தேவையில்லை. இந்தச் சொற்களில் முக்கால்வாசி, கை செய்கிற ஒரு வேலையின் பெயர். அதே வேலையை உங்கள் கை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் பென்சிலை எடுங்கள்

குறிப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கப், டீஸ்பூன், டேபிள்ஸ்பூன், ஸ்டிக், பைன்ட், அவுன்ஸ் என்று வரும் இடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். மற்றச் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். கோடு போட்டவை அளந்தே போடவேண்டியவை. வட்டம் போட்டவை கையால் போடுபவை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் காதுக்குக் கப் என்பதுதான் ஒழுங்கில்லாத அளவாகக் கேட்கும். வீட்டில் ஐந்து கோப்பை இருந்தால் ஐந்தும் ஐந்து அளவு. ஆனால் அவர்களுடைய குறிப்பில் கப் என்றால் அது குறிப்பிட்ட ஒரே அளவு. அமெரிக்கக் குறிப்பில் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 250. பிரித்தானியாவின் பழைய குறிப்புகளில் அரைப் பைன்ட், அதாவது 284 மில்லிலீற்றர். இப்போது எழுதுபவர்கள் அநேகமாகக் கிராமிலேயே எழுதுகிறார்கள். ஆகவே குறிப்பு எந்த நாட்டுடையது என்று விருந்தினரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேளுங்கள். கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

டீஸ்பூன் எங்கேயும் 5 மில்லிலீற்றர். டேபிள்ஸ்பூன் 15. அவுஸ்திரேலியாவில் மட்டும் அது 20. நாலு மேசைக்கரண்டி பால் என்றால் ஒரு ஊரில் 60, இன்னொரு ஊரில் 80. அப்பச் சட்டியில் ஊற்றுகிற பான்கேக் மாவுக்கு இது பெரிய வித்தியாசம். ஒன்று தடித்து நிற்கும், மற்றது ஓடும். டெசர்ட்ஸ்பூன் என்று வந்தால் 10 மில்லிலீற்றர். நாங்கள் சோறு சாப்பிட மேசையில் வைக்கிற கரண்டி அநேகமாக இந்த அளவுதான், அதனால் அதை மேசைக்கரண்டி என்று நினைத்து அளந்துவிடாதீர்கள். ஸ்டிக் பட்டர் என்பது அமெரிக்கப் பழக்கம்: 113 கிராம், அரைக் கப்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் வரும், பார்த்திருப்பீர்கள். எல்லாக் குசினியிலும் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். அது 180 மில்லிலீற்றர். அதால் மா அளந்தால் கேக்குக்குக் காற்பங்கு மா குறைந்துபோகும். வேறு கப் இல்லையென்றால் இப்படிச் செய்யலாம்: ரைஸ் குக்கர் கப்பால் நாலு, அமெரிக்கக் கப்பால் மூன்று. இரண்டும் 720. பால்பேணியும் இதே மாதிரித்தான். அரிசி அளக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது, ஆனால் எங்கள் குசினிப் பேணியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது 300 மில்லிலீற்றர் அளவு பிடித்தது. அது கப் இல்லை.

பழைய பிரித்தானியக் குறிப்பில் பவுண்ட் என்று வந்தால் குழம்பவேண்டாம். அது நம் இறாத்தல். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் அல்லவா, பவுண்ட் 454. பைன்ட் மட்டும் கவனம்: பிரித்தானியாவில் 568 மில்லிலீற்றர், அமெரிக்காவில் 473.

கும்பமா, மட்டமா?

கோடு போட்ட அளவுகளுக்கு முன்னால் சின்னச் சின்ன அடைமொழிகள் ஒட்டிக்கொண்டு வரும். லெவல் என்றால் கத்தியின் முதுகால் தலை வழித்த கரண்டி. ஹீப்ட் என்றால் கும்பமாக, இனி வைத்தால் சரியும் என்கிற அளவு. ரவுண்டட் இரண்டுக்கும் நடுவில், மேலே சாடையான மேடு. ஸ்கான்ட் என்றால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. பாக்ட் என்பது சிவப்புச் சீனிக்கு வரும். கரண்டியால் அமுக்கி நிரப்பவேண்டும், கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்கும். ஒரு சொல்லும் இல்லாவிட்டால் மட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடரில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்த மட்டக் கரண்டி வழக்கம் அவர்களுக்கும் பழையது இல்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சமையற்பள்ளித் தலைவியாக இருந்த ஃபனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் இதை வலியுறுத்தி எழுதினார். மட்ட அளவுகளின் தாய் என்றே அவரைச் சொல்வார்கள். அதற்கு முன்னர் அங்கேயும் "முட்டையளவு பட்டர்" என்றுதான் எழுதினார்கள். நாம் "தேசிக்காயளவு புளி" என்கிறோமே, அதே முறை.

மா அளக்கும்போது இன்னொன்று. நாட்டின் பல பக்கத்துக்கும் போகிற கோதுமை மா நம்மூர்ச் சீனக்குடா ஆலையில் அரைபடுகிறது; நமக்கு மாவுக்குப் பஞ்சமில்லை, அதனால் பையில் கப்பை அமுக்கி அள்ளுகிற பழக்கம் வந்துவிட்டது. கரண்டியால் மெதுவாக அள்ளிப்போட்டுத் தலை வழித்தால் ஒரு அமெரிக்கக் கப்பில் 125 கிராம் அளவு மா நிற்கும். அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். தராசு இருந்தால் தராசையே பாவியுங்கள். அவித்த மாவால் இதைச் செய்து பார்க்கவேண்டாம், அதன் கணக்கு வேறு.

உங்கள் நுள்ளு எவ்வளவு?

இனி வட்டம் போட்டவை. முதலில் பிஞ்ச். இது நுள்ளு. ஆங்கிலத்தில் ஒருவருடைய கன்னத்தை நுள்ளுவதற்கும் இதே சொல்தான், நாமும் அதே மாதிரி "ஒரு நுள்ளு உப்பு" என்கிறோம். எழுத்தில் சிட்டிகை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து தூக்குகிற அளவு.

அளவுக் கரண்டி விற்பவர்கள் இதற்கும் குட்டிக் கரண்டிகள் செய்கிறார்கள். டீஸ்பூனில் 8இல் ஒரு பங்கு டாஷ், 16இல் ஒரு பங்கு பிஞ்ச், 32இல் ஒரு பங்கு ஸ்மிஜன். அந்தக் கரண்டிகளை வாங்கச் சொல்ல மாட்டேன். அதைவிட, வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே உங்கள் விரலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது இப்படி. கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள், ஈரம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. ஒரு கிண்ணத்தில் தூள் உப்பு. ஒரு டீஸ்பூனைத் தட்டில் வையுங்கள். இரண்டு விரலால் எடுத்து எடுத்துக் கரண்டியில் போட்டு எண்ணுங்கள். மட்டமாக நிரம்பும்போது நிறுத்துங்கள். எனக்கு 15 நுள்ளு போனது. நடுவிரலையும் சேர்த்து மூன்று விரலால் எடுத்தால் 8. எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி, வலை இழுத்துக் காய்த்துப்போன விரல்கள், அவருக்கு இரண்டு விரலால் 11இலேயே நிரம்பிவிட்டது. தன் நுள்ளு கொஞ்சம் பெரிது என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு பிஞ்ச் என்று கண்டால் விரல் நுனியால் மட்டும் எடுப்பார். இந்தச் சோதனைக்குக் கால் மணித்தியாலம் போதும், ஆயுளுக்கும் உதவும்.

கல்லுப்பில் இது சரிவராது, கல்லுக்குக் கல் வித்தியாசம். அப்புறம் மாரி காலம். நவம்பர், டிசம்பரில் கடற்காற்றுக்கு உப்பு கசிந்து கட்டிபட்டு நிற்கும். ஒரு நுள்ளு எடுத்தால் இரண்டு நுள்ளு ஒட்டிக்கொண்டு வரும். உப்புப் போத்தலுக்குள் ஒரு சிறங்கை வறுத்த அரிசி போட்டு வையுங்கள்.

சிறங்கை என்று சொன்னேன். ஆங்கிலத்தில் ஹான்ட்ஃபுல் என்று வரும்போது நமக்குத்தான் வசதி, ஏனென்றால் அவர்கள் ஒரு சொல்லில் அடக்குவதை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். விரல்களை மடக்கிப் பிடித்தால் பிடி. உள்ளங்கையைக் குவித்து அள்ளினால் சிறங்கை. இலை, கீரை, புதினா என்றால் ஹான்ட்ஃபுல்லைப் பிடி என்று எடுங்கள். கஜு, பிளம்ஸ், பருப்பு என்றால் சிறங்கை.

ஊற்றுபவை

இங்கே சொல்லைவிடப் போத்தலைப் பிடிக்கும் விதம் முக்கியம். டிரொப் சொட்டு, அதில் விளக்கம் தேவையில்லை. டாஷ் என்றால் வாய் சிறுத்த போத்தலை ஒரு உதறு உதறுவது: வினாகிரி, சோஸ் வகைகள். ஐந்தாறு சொட்டு விழும். தூள்களுக்கும் டாஷ் வரும், அது பிஞ்சை விடக் கொஞ்சம் கூட. ஸ்பிளாஷ் என்றால் போத்தலைச் சரித்து உடனே நிமிர்த்துவது; ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் இரண்டு. தேநீருக்கு ஒரு ஸ்பிளாஷ் பால் கேட்டால் நிறம் மாறினால் போதும். நம்மூர்ப் பால்தேநீர் மாதிரி ஊற்றிக் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள்.

கிளக் என்பது ஓசையிலிருந்து வந்த சொல். நிறைந்த எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் காற்று உள்ளே போகும்போது "களக்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். ஒரு கிளக் என்றால் ஒரு களக். ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி, போத்தலின் கழுத்து அகலம் என்றால் இரண்டு. தாராளமான ஆள் எழுதிய குறிப்பில் மூன்று கிளக் என்று இருந்தால் கரண்டியால் அளந்தே போடுங்கள். ஒலிவ் எண்ணெய் இங்கே விலை.

டிரிசில் வேறு. அது அளவைவிட நடையைச் சொல்வது: மெல்லிய நூலாகக் கையை அசைத்து அசைத்து ஊற்றுதல். சட்டித் தயிருக்கு மேலே கித்துள் பாணியை எப்படி ஊற்றுகிறீர்களோ, அப்படி. ஒரே இடத்தில் கொட்டினால் அது டிரிசில் ஆகாது.

நொப்பும் டொலொப்பும்

இந்த இரண்டையும் நான் படித்தது ஒரு காலை நேரத்தில். இங்கிலாந்திலிருந்து வந்து தங்கியிருந்த வயதான அம்மா ஒருவர், முட்டை பொரிக்க ஒரு நொப் பட்டர் போடச் சொன்னார். அகராதியில் நொப் என்றால் கதவுக் கைபிடிக் குமிழ் என்று இருந்தது. அந்த அளவா பட்டர் போடுவது என்று தயங்கி நின்றேன். அவர் குசினிக்குள் வந்து, பிரிட்ஜிலிருந்து பட்டரை எடுத்து, கத்தியின் நுனியால் மூலையை வெட்டினார். அளந்து வெட்டவில்லை; கத்தியை இறக்கி, சாடையாகத் திருப்பினார், கட்டி தானாக உடைந்து வந்தது. பெருவிரலின் முதல் கணு அளவு இருந்தது. "இது ஒரு ஆளுக்கு, இரண்டு பேருக்கென்றால் கொஞ்சம் கூட" என்றார். அவர் போன பிறகு அதே மாதிரி ஒரு துண்டு வெட்டி நிறுத்துப் பார்த்தேன்: 16 கிராம். ஒரு மேசைக்கரண்டிக்கு மட்டுமட்டு.

அதே சாமான் மெல்லிய சதுரமாக வந்தால் பாட். ஹோட்டல்களில் பாணோடு கடதாசியில் சுற்றி வைப்பது, ஒரு டீஸ்பூன் அளவு.

டொலொப் கட்டியான, ஆனால் குழைவான சாமானுக்கு மட்டும் வரும். கரண்டியில் அள்ளித் தட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் "தொப்" என்று விழுந்து, விழுந்த உருவத்திலேயே இருக்கவேண்டும். மூதூர், கிண்ணியாத் தயிரைவிட இதற்குப் பொருத்தமான சாமான் இல்லை. எருமைத் தயிர் அகப்பையிலிருந்து விழுந்தும் மேடாக நிற்கும். பக்கெட்டில் வரும் தயிர் இளகலாக இருந்தால் மெல்லிய துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தொங்கவிட்ட பிறகு வையுங்கள். ஜாமுக்கும் அடித்த கிறீமுக்கும் டொலொப் வரும். தேனுக்கோ மோருக்கோ வராது, அவை ஓடும்.

காற்புள்ளியைப் பாருங்கள்

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். "ஒன் கப் குக்ட் ரைஸ்" என்றால் சோறு ஒரு கப். "ஒன் கப் ரைஸ், குக்ட்" என்றால் அரிசியை ஒரு கப் அளந்து, பிறகு சமைப்பது. அது மூன்று கப் அளவு சோறாகும். வெட்டிய, துருவிய என்கிற சொல் சாமானின் பெயருக்கு முன்னால் நின்றால் முதலில் வெட்டு, பிறகு அள. காற்புள்ளிக்குப் பின்னால் நின்றால் முதலில் அள, பிறகு வெட்டு. கஜு, பேரீச்சம்பழம், கீரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பல்லா, கராம்பா?

குளோவ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்: உள்ளியின் பல், கராம்பு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், இறாலுக்குப் பட்டர் சோஸ் செய்யச் சொல்லி ஒரு சோடி தந்த தாளில் "த்ரீ குளோவ்ஸ், க்ரஷ்ட்" என்று மட்டும் இருந்தது. கராம்பு மூன்றை உரலில் இடித்துப் போட்டேன். அன்று காலையில் கரைக்கு வந்த புது இறால். ஒரு வாய் வைத்துவிட்டு இருவரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்கள். இறாலின் ருசியே இல்லை, நாக்கு விறைத்துப்போயிருந்தது. அவ்வளவு நல்ல சாமானை வீணாக்கிவிட்டேன் என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றைக்குப் பிறகு இப்படிப் பார்க்கிறேன். பக்கத்தில் க்ரஷ்ட் (நசுக்கிய), மின்ஸ்ட் (பொடியாக அரிந்த), ஸ்லைஸ்ட் (சீவிய), பீல்ட் (தோலுரித்த) என்று இருந்தால் அது உள்ளி. ஹோல் (முழு) என்றோ கிரவுண்ட் (அரைத்த) என்றோ இருந்து, கறுவாவும் ஏலக்காயும் கூடவே வந்தால் கராம்பு. சந்தேகம் என்றால் கேளுங்கள். இன்னொன்று: ஹெட் அல்லது பல்ப் என்றால் முழு உள்ளி, பத்துக்கு மேல் பல் இருக்கும். நம் உள்ளியில் பல் சிறிது. வெளிநாட்டுக் குறிப்பில் இரண்டு பல் என்றால் நான் மூன்று அல்லது நாலு போடுகிறேன்.

ஸ்பிரிக் என்பது நெட்டு. தைம், ரோஸ்மேரிக்கு விரல் நீளம். இஞ்சிக்குத் தம்ப் என்று வந்தால் பெருவிரல் அளவு; இன்ச் என்று வந்தால் இரண்டரைச் சென்றிமீற்றர். கறுவாவுக்கு ஸ்டிக் என்று வந்தால் ஒரு விரல் நீளத் துண்டு.

நம்முடையதை அவர்களுக்குச் சொல்லும்போது

கொஞ்ச நாள் போனால் விருந்தினர் உங்களிடம் சமையல் கேட்பார்கள். அப்போது இதையே திருப்பிச் செய்யவேண்டும். தேசிக்காயளவு பழப்புளியை லைம் அளவு என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் நாட்டுக் கடைகளில் விற்கும் லைம் நம் தேசிக்காயைவிடப் பெரிது, குழம்பு வாயில் வைக்க ஏலாமல் புளிக்கும். வால்நட் அளவு என்று சொல்லுங்கள், அவர்களுக்குக் கை பிடிபடும். பேணி, கொத்து, சுண்டு என்ற நம் அளவுச் சொற்களை விட்டு மில்லிலீற்றரில் சொல்லுங்கள். தேங்காயின் முதற்பால், கப்பிப்பால் என்பவற்றைத் திக், தின் என்றால் விளங்கிக்கொள்வார்கள். சிறங்கைக்கு நான் இதுவரை நல்ல ஆங்கிலச் சொல் ஒன்றும் காணவில்லை, கையைக் குவித்தே காட்டுகிறேன்.

சொதியில் தொடங்குவது லேசு. ஒரு கப் தின் பாலில் ஒரு சின்ன வெங்காயமும் இரண்டு பச்சை மிளகாயும், இரண்டு பிஞ்ச் மஞ்சள், காற் டீஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பிரிக் கறிவேப்பிலை. வெங்காயம் வெந்ததும் அரைக் கப் திக் பால் ஊற்றி, நெருப்பைக் குறைத்துத் துழாவிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கொதிக்க விட்டால் பால் திரையும். உப்புக்கு டு டேஸ்ட் என்று எழுதினால் சில பேர் பயப்படுவார்கள், அரை டீஸ்பூனில் தொடங்கி ருசி பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு ஸ்குவீஸ் தேசிப்புளி. ஸ்குவீஸ் என்றால் பாதித் தேசிக்காயை ஒரு தடவை பிழிவது. அதைச் சட்டியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் விடவேண்டும் என்பதைத் தாளில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுங்கள்.